சிவப்பு நாடா தொங்கிய விமானம்

காராம்புதூர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே ஆபத்து அதுதான்.

அந்த ஊர்ச் செங்கோடனின் ஒரே மகளுக்குக் கல்யாணம். தாலி ஏறும்போது வானத்திலிருந்து பூ விழ வேண்டும் என்று பெண் ஆசைப்பட்டாள். அப்பனும் வாக்குக் கொடுத்துவிட்டார். மண்டபத்தை ஒட்டிய மைதானத்தில் சின்ன விமானம் ஒன்று வந்து நின்றது. முகூர்த்தம் பத்தரைக்கு.

விமானி தியோடர் டீ குடிக்கக் கிளம்பும்போது சொன்னார்: "சிவப்பு நாடா எதுல தொங்குதோ அதைப் பறக்குறதுக்கு முன்னாடி கழட்டிடணும். ஒண்ணு விட்டாலும் உயிருக்கு ஆபத்து. நாடாவைக் கீழ போட்டுராதீங்க, கண்ணுல படுற மாதிரி மாட்டி வைங்க."

வேகம் அளக்கும் குழாயின் உறையில் ஒரு நாடா தொங்கியது. செங்கோடன் உறையைக் கழற்றினார். நாடாவைக் கண்ணில் படும்படி புரொப்பெல்லரில் மாட்டினார்.

"மாமா, புரொப்பெல்லர்ல நாடா தொங்குதுங்களே!" என்றான் டிராக்டர் பட்டறை வேலப்பன்.

செங்கோடன் பதறிப்போனார். "நல்லவேளை பாத்தே! கழட்டு, கழட்டு."

புரொப்பெல்லரைக் கழற்றினார்கள். நாடா இறக்கைக்குப் போனது.

"றெக்கை இல்லாமப் பறக்குமுங்களா?" என்று இழுத்தான் பந்தல்கார அங்கமுத்து.

செங்கோடன் கண்ணை மூடி யோசித்தார். "நாடா தொங்கற றெக்கையோட பறந்தாத்தானே ஆபத்து? றெக்கையே இல்லீன்னா ஆபத்து எங்கிருந்து வரும்?"

இவ்வளவு தெளிவாக யார் சொல்வார்கள்? இரண்டு இறக்கையும் இறங்கின. பிறகு சுக்கான், வால், சக்கரம். கடைசியில் விமானியின் இருக்கை புல்தரையில் தனியாக நின்றது. அதன் முதுகில் நாடா.

தியோடர் திரும்பி வந்தார். பார்த்தார். அந்த இருக்கையிலேயே பொத்தென்று விழுந்தார். கையில் அகப்பட்ட நாடாவால் வியர்வையைத் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மாமா..."

"தூக்குங்கடா!"

கத்தக் கத்தத் தூக்கிப் போய், அவரைப் புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் பத்திரமாகப் படுக்க வைத்தார்கள். எழுந்துவிடாமல் அங்கமுத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டான்.

மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கியது. செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்குக் கொடுத்த வாக்கு! சுற்றுமுற்றும் பார்த்தார். வானத்திலிருந்து தூவ வைத்திருந்த பூக்கூடையில் மட்டும் இதுவரை நாடா தொங்கவே இல்லை.

ஓடிப்போய்க் கூடையை இருக்கையில் வைத்தார். இருக்கை கிளம்பும் வேகத்தில் இடித்துவிடப் போகிறதே என்று, விமானியையும் இழுத்துக்கொண்டு மூவரும் பத்தடி தள்ளி நின்றார்கள்.