நோன்பு அதிரசமும் கணக்கு வாத்தியாரும்

ஆரணியில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலம், அறுபத்தோராவது வயதில் ஒரு குருவைத் தேடிப் போனார். குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ரேணுகா. அவர் வகுப்பில் கணக்கில் இரண்டு முறை ஃபெயிலானவள்.

இப்போது அவள் வீட்டில் பலகார வியாபாரத்துக்கு நாலு அடுப்பு எரிந்தது. ஐப்பசி வந்தால் அதிரசம், முறுக்கு. கார்த்திகையில் பொரி உருண்டை. டிசம்பரில் ஓவனில் கேக். சமையல் கற்க வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்வாள். கற்றுக்கொண்டவர்கள் யாரும் சோடை போனதில்லை என்று ஊரில் பேச்சு.

வாசலில் வாத்தியாரைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், நீங்களா?"

"நான்தாம்மா. சமையல் கத்துக்கணும்."

"இந்த வயசுலயா?"

"உங்க அம்மாவுக்காக."

வாத்தியார் மனைவி அமிர்தவல்லியைப் பழைய மாணவர்கள் எல்லாரும் அம்மா என்றுதான் அழைப்பார்கள்.

"அம்மாவுக்கு என்ன சார்?"

"ஆவணியில காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிடுச்சு, பசி திரும்பி வரல. அம்பத்திரண்டு கிலோ இருந்தவ, நாப்பத்தொண்ணு ஆயிட்டா. நாப்பதுக்குக் கீழ போனா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துடணும்னு டாக்டர் சொல்லிட்டார். ரெண்டு மாசமா நான்தான் சமைக்கிறேன். என் சமையல் அவளுக்குப் பிடிக்கல."

"பிடிக்கலன்னு சொன்னாங்களா?"

"சொல்லல. நாலு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. வேற என்ன அர்த்தம்?"

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. வகுப்பில் அந்தக் குரலைக் கேட்டு நடுங்கியவள் ரேணுகா. அவளுக்குச் சங்கடமாகிவிட்டது.

"நாளைக்கு சமைக்கிறதுல கொஞ்சம் கொண்டு வாங்க."

மறுநாள் வத்தக்குழம்பும், அவரைக்காய்ப் பொரியலும், மிளகு ரசமும் வந்தன. ரேணுகா சோறு போட்டுப் பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"நூத்துக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டார் வாத்தியார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அம்மாவைப் பார்த்து நாளாச்சு. மத்தியானம் வீட்டுக்கு வரேன்."

மத்தியானம் அமிர்தவல்லி சாப்பிட உட்கார்ந்தாள். வளையல் முழங்கை வரை ஓடியது. வாத்தியார் கரண்டியோடு பக்கத்தில் நின்றார். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு.

"உப்பு?"

"சரியா இருக்குங்க."

"புளி தூக்கலா?"

"இல்ல."

"நேத்து ரசம் தேவலாமா, இது தேவலாமா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா ஏன் கையை எடுத்துட்ட?"

"போதுங்க."

அவள் எழுந்துவிட்டாள். 'மிளகு குறைக்கவும்' என்று வாத்தியார் நோட்டில் எழுதினார்.

வாசல் வரை வந்து ரேணுகாவைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தியா? என்ன குறைன்னு சொல்லு."

"சமையல்ல ஒரு குறையும் இல்ல சார்."

"அப்புறம்?"

"தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. அம்மா கேதாரகௌரி நோன்பு எடுப்பாங்க இல்ல? அதுக்குப் படைக்கிற இருபத்தோரு அதிரசத்தை நீங்க போடுங்க. எல்லாம் சரியாயிடும்."

"அதிரசமா? கைதேர்ந்தவங்களுக்கே காலை வாரிவிடுமே!"

"உங்களுக்கு வாராது. நான் இருக்கேன்."

வாரத்தான் செய்தது. முதல் முறை, ஊறின அரிசியைத் துணியில் பரப்பி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் எடுத்து அரைத்தார். அடைமழைக் காலத்தில் அரிசி கடிகாரத்துக்குக் கட்டுப்படுமா? ஈரம் போகவில்லை. மாவு எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாகப் போனது.

"இத்தனை நிமிஷம்னு ஒரு கணக்கு சொல்லும்மா," என்றார்.

ரேணுகா ஒரு பிடி அரிசியை அள்ளி அவர் கையில் வைத்து மூடினாள். "திறங்க. கையில ஒட்டுது, ஆனா நனைக்கல. இதுதான் கணக்கு."

இரண்டாம் முறை வெல்லப் பாகு முற்றிவிட்டது. அதிரசத்தைச் சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் சேதம். மூன்றாம் முறை, தண்ணீரில் விட்ட பாகு விரலில் உருண்டு திரண்டது. ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டுப் பிசைந்த மாவை இரண்டு நாள் மூடி வைத்தார்கள். பிறகு ஒன்றைத் தட்டி எண்ணெயில் போட்டார். அது மெதுவாக மேலே வந்து, சிவந்து, முழுசாக நின்றது.

வாத்தியார் அதை வாயருகே கொண்டுபோனார்.

"இது பழகறதுக்குப் போட்டது, சாப்பிடுங்க. நோன்பு அன்னிக்கு மட்டும் படைக்கிறதுக்கு முன்னாடி நாக்குல வைக்கக் கூடாது."

"தெரியும். ஆனா ருசி சரியா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவளுக்கும் விரதம். பகலெல்லாம் பால்தான். வீட்டுல வேற ஆள் கிடையாது."

"கண்டுபிடிக்க வேணாம்."

"படைச்ச பிறகு அவளைக் கேட்டுக்கலாம். அப்படித்தானே?"

ரேணுகா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"கேக்கவே கூடாது சார். எங்க படவேட்டுப் பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. நோன்பு பலகாரம் போட்டவங்க அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. கேட்டா நோன்பு பலிக்காது."

"அதிரசத்தை மட்டுமா?"

"அன்னிக்குப் பரிமாறுற எல்லாத்தையும்தான். கண்ணாலயும் கேக்கக் கூடாது."

படவேட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அது அந்த நிமிடம் அவள் வாயில் பிறந்தது. ஆனால் அவள் சொன்ன தோரணையில் ஆயிரம் வருடப் பழமை இருந்தது. விதி என்று எதைச் சொன்னாலும் வாத்தியார் மீற மாட்டார் என்று பின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளுக்குத் தெரியாதா?

தீபாவளிக்கு மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வாத்தியார் ஏறக்குறைய ஓடி வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் நோன்புக் கயிறு.

"ரேணுகா, அந்த வழக்கத்துக்கு ஒரு சக்தி இருக்கும்மா!"

"என்ன ஆச்சு சார்?"

"இருபத்தொண்ணும் பிரியாம வந்தது. பூஜை முடிச்சு விளக்கு வச்ச நேரத்துக்கு இலை போட்டேன். சோறு, சாம்பார், வாழைக்காய் வறுவல். ரெண்டாந்தரம் சோறு வாங்கினா! அதுக்கு மேல மூணு அதிரசம்!"

"அப்படிப் போடுங்க."

"அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தா. பேசிக்கிட்டே சாப்பிட்டா. அவ தங்கச்சி வீட்டு நோன்புல குரங்கு வந்து கலசத்துத் தேங்காயைத் தூக்கிக்கிட்டுப் போன கதை. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல எங்கிட்ட சொன்னதே இல்ல. அவ சிரிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். உப்பு சரியான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். கண்ணாலயும் கேக்கக் கூடாதுன்னு சொன்னியே."

"நல்லது பண்ணீங்க."

"நோன்புதான் முடிஞ்சுபோச்சே. இன்னிக்குக் கேக்கலாம் இல்ல? அதிரசம் எப்படி இருந்துச்சுன்னு அவ ஒரு வார்த்தை சொல்லல. என்னைத்தான் ஏதோ கேட்டுக்கிட்டே இருந்தா."

"உங்களை என்ன கேட்டாங்க?"

"அது ஒண்ணுமில்லம்மா. நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டா. மூணு தடவை கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க சொல்றது? வாயைத் திறந்தா விதியை மீறிடுவேனோன்னு பயம். பேசாம நின்னுட்டேன்."

ரேணுகா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"ரெண்டு மாசமா ஒவ்வொரு வாய்க்கும் நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மா பதில் சொல்லியிருக்காங்க சார். அவங்க கேட்டது அந்த ஒண்ணுதான். முதல்ல போய் அதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க."