சந்தேகப்பட்ட இருவாச்சி

மலைக்காட்டில் ஓர் இருவாச்சிப் பறவை இணை வாழ்ந்தது. முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசிக்கொள்ளும். அலகு நீட்ட மட்டும் ஒரு சின்னத் துளை. பறக்க உதவும் இறகுகளும் உதிர்ந்துவிடும். குஞ்சு வளரும்வரை ஆண் கொண்டுவரும் பழம்தான் சாப்பாடு.

குஞ்சு பொரிந்தது. ஒருநாள் மலையணில் ஒன்று துளையருகே வந்தது.

"அக்கா, மாமா எங்கே?"

"அத்திப்பழம் பறிக்கப் போயிருக்கார்."

"அப்படியா சொன்னார்? நான் பார்த்தப்ப பட்டமரத்துல உட்கார்ந்து யார்கூடவோ சிரிச்சுட்டிருந்தார்! எனக்கென்ன வந்தது, விடுங்க."

பெண் இருவாச்சிக்கு நெஞ்சு எரிந்தது. இருட்டுக்குள் அடைந்து கிடப்பவளுக்குச் சந்தேகத்தைத் தவிர வேறென்ன வேலை? ஆண் வந்ததும் பெண் பிடித்துக்கொண்டது.

"பட்டமரத்துல யாரு?"

ஆண் திடுக்கிட்டது. "பட்டமரமா? நான் அந்தப் பக்கமே போகலையே!"

பொய்! குரலிலேயே தெரிந்தது.

"இனிமே என் கண்ணைவிட்டு எங்கேயும் போகக்கூடாது!"

ஆண் எதிர்க்கிளையிலேயே உட்கார்ந்தது. பக்கத்தில் கிடைத்த பழங்கள் சீக்கிரமே தீர்ந்தன. குஞ்சு பசியில் கத்தியது. பிறகு கத்தவும் தெம்பில்லாமல் சுருண்டது.

அப்போது மலையணில் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தது. வாயெல்லாம் சிவப்பு.

"என்ன சாப்பிட்டே?"

"அத்திப்பழம் அக்கா! இப்பல்லாம் போட்டிக்கு ஆளே இல்லை!"

சொன்ன பிறகுதான் அணில் நாக்கைக் கடித்துக்கொண்டது. பெண் இருவாச்சிக்குப் புரிந்துவிட்டது. அவமானமும் பயமும் சேர்ந்து வந்தன.

"குஞ்சு சாகப்போகுது! அத்திமரத்துக்குப் போங்க!"

ஆண் தலைகுனிந்தது. "பட்டமரத்துல உட்கார்ந்தது நிஜம்தான். பழைய கூட்டாளிகளோட கொஞ்ச நேரம் பேசினா மனசு லேசாகும். நீ கோபிப்பியேன்னு மறைச்சேன். இப்ப போனா சந்தேகப்பட மாட்டியே?"

"படுவேன். ஆனாலும் போங்க!"

ஆண் பறந்தது. பெண் துளையில் கண்ணை வைத்துக் காத்திருந்தது. வெயில் சாய்ந்தது. பட்டமரம் ஞாபகம் வந்து குத்தியது. அப்போது சிறகோசை கேட்டது.

முதல் பழத்தைக் குஞ்சு விழுங்கியது. இரண்டாவதற்கு வாயைத் திறந்து கத்தியது!

"பட்டமரத்துல கொஞ்சம் உட்கார்ந்துட்டுதான் வந்தேன்," என்றது ஆண்.

"சரி, அடுத்த பழத்தைக் குடுங்க," என்றது பெண்.

நெருங்கியவரைக் கட்டிப்போடாமல் போகவிடுவதும், போனவர் மறைக்காமல் திரும்பி வருவதும் சேர்ந்தால்தான் உறவு பிழைக்கும்.