எந்த ஏஜென்சி பெரியது?

"எந்த ஏஜென்சியில சேரட்டும், மாஸ்டர்?" என்று கேட்டான் இளஞ்சேரன்.

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுப்பவர் பிரிஸ்கா. அவரிடம் உதவியாளனாக இருந்த இளஞ்சேரனுக்குத் தானும் பயிற்சியாளர் ஆக வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுத்துத் தேர்வு வைக்கும் ஏதாவது ஒரு ஏஜென்சியின் சான்றிதழ் வேண்டும்.

பிரிஸ்கா மாஸ்க்குகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

"என்னென்ன பார்த்தீங்க?"

"மூணு. ஒண்ணு உலகம் பூரா தெரிஞ்ச பேரு. ஒண்ணுல கட்டணம் கம்மி. இன்னொண்ணுல பயிற்சி ரொம்பக் கடுமை, பாதிப் பேர் தேறமாட்டாங்க."

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"கடுமையானதுதான்."

"அப்ப சேருங்க."

அவன் நகரவில்லை.

"ரெக்சன் அந்தப் பெரிய பேரு ஏஜென்சியில சான்றிதழ் வாங்கிட்டான், மாஸ்டர். அதைவிடப் பெருசா ஏதாவது இருக்கா?"

ரெக்சனும் அவனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இப்போது ரெக்சன் பயிற்சியாளர். வருகிறவர்கள் அவனைத்தான் கேட்டு வருகிறார்கள். அவன் சிரிப்பு காதில் விழுந்தாலே இளஞ்சேரனுக்குச் சோறு இறங்காது.

"காலையில படகுக்கு வாங்க," என்றார் பிரிஸ்கா.

காலையில், நடுக்கடலில், ரெக்சன் இரண்டு பேரோடு குதித்தான். இளஞ்சேரனிடம் வைதேகி என்பவரை ஒப்படைத்தார் பிரிஸ்கா. டைவிங் கற்றவர்தான், ஆனால் கடலில் இறங்கி வருஷங்கள் ஆகிவிட்டன.

எல்லோருக்கும் பின்னால் பிரிஸ்காவும் இறங்கினார்.

கீழே ரெக்சன் காலை அசைக்காமல் மிதந்தான். அடியில் ஒரு துளி மணல் கலங்கவில்லை.

இளஞ்சேரன் பார்த்தான்.

ரெக்சன் எதையோ சுட்டிக் காட்டினான். கூட வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள்போல அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

அதையும் பார்த்தான்.

மேலே வந்து படகில் ஏறியதும், மூச்சு வாங்க, அங்கே நின்றிருந்த பிரிஸ்காவிடம் சொன்னான்: "ரெக்சன் பண்றது தப்பு, மாஸ்டர். சிலிண்டர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு ஒரே தடவைதான் கேட்டான். அவன்கூட வந்தவங்கள்ல ஒருத்தருக்கு இடுப்பு பெல்ட் தளர்ந்திருந்துச்சு. கவனிக்கவே இல்ல."

"சரி. உங்க ஆளு எங்க?"

இளஞ்சேரன் திரும்பிப் பார்த்தான். தண்ணீரில் யாருமில்லை. அவன் முகம் வெளிறியது.

படகின் முனையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வைதேகி.

"இறங்கும்போதே காது வலின்னு உங்களுக்குக் கை காட்டினாங்க," என்றார் பிரிஸ்கா. "நான்தான் மேல கூட்டிட்டு வந்தேன்."



இளஞ்சேரன் வைதேகியின் எதிரே போய் உட்கார்ந்தான்.

"எந்தக் காதுங்க?"

"இடது. தோளைக்கூடத் தட்டினேன். நீங்க திரும்பல."

"மன்னிச்சிடுங்க."

அவர் துண்டின் நுனியால் காதைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு இறங்குவீங்களா?"

"இறங்குவேன். ஆனா அவரோட."

வைதேகி கை நீட்டிய பக்கம் ரெக்சன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இளஞ்சேரன் பிரிஸ்காவைப் பார்த்தான். அவர் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

பிறகு எழுந்து, ஆடும் படகில் தடுமாறி, அந்தப் பக்கம் போனான்.

ரெக்சனின் சிரிப்பு நின்றது. இவன் அவனிடம் பேசி மாதக்கணக்காகிறது.

"நாளைக்கு அவங்க உன்கூட வர்றாங்க," என்றான் இளஞ்சேரன். "இடது காது. வலி தீரலைன்னா இறக்காத. தீர்ந்திருந்தா, நங்கூரக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, காது பழகப் பழக, நிறுத்தி நிறுத்திக் கீழ கூட்டிட்டுப் போ."



"கண்ணை அவங்ககிட்டேயிருந்து எடுக்காத, ரெக்சன்."