கரடிப்பாறையில் ஒரு கால்

சேர்வராயன் மலையடிவாரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பாறை மேல் பைக் ஏற்றும் ஒரு சிறு கூட்டம் உண்டு. எல்லாம் பழைய காலத்து வண்டிகள். ஸ்பேர் கிடைக்காது. ஸ்கூட்டர் கேபிளை வெட்டிக் கிளட்சுக்குப் போடுவார்கள். ஒருவர் வண்டிக்கு இன்னொருவர் லேத்தில் புஷ் கடைந்து தருவார். வீட்டில் திட்டு வாங்காதவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

இது ரேஸ் இல்லை. வேகமாகப் போனால் யாரும் கைதட்ட மாட்டார்கள். வண்டி மேல் நின்றபடி, நடை வேகத்தில், தரையில் கால் படாமல் பாறையைக் கடக்க வேண்டும். கால் ஊன்றினால் ஒரு புள்ளி, விழுந்தால் ஐந்து. புள்ளி குறைந்தவர் ஜெயித்தவர். பூஜ்யம் வாங்குவதுதான் பெருமை. பள்ளிக்கூடத்தில் இந்த விதி இருந்திருந்தால் நம்மில் பலர் மேதைகள்.

அவர்களுக்குக் குரு ஜெனிட்டா. முப்பது வயதைத் தாண்டியவர், ஊருக்குள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். சீடர்களில் மூத்தவர் பரமேஸ்வரன், கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். தன் வயதில் பாதி இருக்கும் பெண்ணைக் கூச்சமே இல்லாமல் 'குருவே' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் அவர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். பின்னால் அவர் மனைவி வனஜா, வலது கையில் மாவுக்கட்டோடு.

"குருவே, இத நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு வேணாம்."

ஜெனிட்டா வண்டியைப் பார்க்கவில்லை. "கை எப்படிம்மா இருக்கு?" என்று வனஜாவைக் கேட்டார்.

"கை பரவாயில்ல. இவருதான் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்காரு."

நடந்தது எல்லோருக்கும் தெரியும். கரடிப்பாறையில் தொடை உயரத்துக்கு ஒரு படி. வண்டி பின்னால் சறுக்கினால் பிடிக்க, அதற்குக் கீழே ஒருவர் நிற்பது வழக்கம். பரமேஸ்வரனுக்கு நிற்பது எப்போதும் வனஜாதான். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் அவரே. அன்று பரமேஸ்வரனுக்குக் காலையிலிருந்து பூஜ்யம். கரடிப்பாறை ஒன்றுதான் பாக்கி. படி விளிம்பில் வண்டி தயங்கியது. இடது காலை ஊன்றி நிறுத்தியிருக்கலாம். அவர் ஊன்றவில்லை. வண்டி சறுக்கி, பிடிக்க வந்த வனஜாவின் மணிக்கட்டில் இறங்கியது.

"எங்க தப்பு பண்ணேன், குருவே? கிளட்ச்ச லேட்டா விட்டேனா? உடம்ப முன்னால சாய்க்கலியா? ராவும் பகலும் அதே யோசன. அது தெரியாம இனிமே ஏற மாட்டேன்."

வனஜா குறுக்கிட்டார். "கைக்காக நான் அழலம்மா. எங்க ஞாயித்துக்கிழம போச்சேன்னுதான் அழறேன். கல்யாணமான நாள்லேர்ந்து இவரு காலேஜ், நான் அடுப்படி. இந்த வண்டி வந்தப்புறம்தான் ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு வேல செஞ்சோம்."



ஜெனிட்டா வண்டியை ஷெட்டுக்குள் தள்ளிப் பூட்டினார். "வர்ற ஞாயித்துக்கிழம போட்டி இருக்கு. கரடிப்பாறையில எனக்குக் கீழ நீங்க நில்லுங்க."

"நானா? நான் கேட்டதுக்குப் பதில் வேணும், குருவே."

"எனக்கு ஆள் வேணும், சார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தூறல். பாறையெல்லாம் வழுக்கியது. கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் கண்ட இடத்தில் எல்லாம் கால் ஊன்றினார்கள். ஜெனிட்டா மட்டும் ஊன்றவில்லை. கடைசிப் பாறையான கரடிப்பாறைக்கு அவர் வந்தபோது கூட்டமே அங்கே நின்றது. போட்டி முழுவதையும் பூஜ்யத்தில் முடித்தவர் அதுவரை யாரும் இல்லை.

பரமேஸ்வரன் படிக்குக் கீழே கைகளை விரித்து நின்றார். வனஜா ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

முன் சக்கரம் ஏறியது. வண்டி மெல்ல எழும்பியது. விளிம்பில் பின் சக்கரம் வழுக்கி, ஓரிடத்திலேயே சுற்றியது.

ஜெனிட்டா காலை ஊன்றினார். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் ஊன்றுவது போல, சாதாரணமாக. வண்டி நின்றது. பிறகு ஏறிப் போய்விட்டார்.

"ச்சே!" என்றது கூட்டம். புள்ளி போட நின்ற சாதிக் ஒரு விரலைக் காட்டினார். "ஆனைக்கும் அடி சறுக்கும்," என்று ஆறுதலும் சொன்னார்.

பரமேஸ்வரன் மூச்சிரைக்க மேலே ஏறினார். "குருவே, நான் கீழேருந்து பாத்துட்டுதானே இருந்தேன். வீல் மறுபடி பிடிச்சிருக்கும். இன்னும் கொஞ்சம் முறுக்கியிருந்தா ஏறியிருப்பீங்க."

"ஏறியிருப்பேன். பத்துல எட்டு தடவ ஏறிடும்."

"அப்ப எனக்குப் பாடம் சொல்றதுக்காகவா பூஜ்யத்த விட்டீங்க?"

ஜெனிட்டாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "பாடமா? இந்த ஒரு பூஜ்யத்துக்கு எத்தன வருசமா அலையிறேன் தெரியுமா? பாடம் நடத்த வேற பாறையே இல்லையா எனக்கு?"

"பின்ன ஏன் ஊன்றினீங்க?"

"மீதி ரெண்டு தடவைக்கும் கீழ நீங்க நின்னீங்க, சார்."

பரமேஸ்வரன் திரும்பி, தான் நின்ற இடத்தைப் பார்த்தார். வனஜா நின்றதும் அங்கேதான். இத்தனை நாளும் அவர் கிளட்சை நினைத்தார், உடம்பின் சாய்வை நினைத்தார். அந்த இடத்தை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மெதுவாக இறங்கிப் போய் வனஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் அழுவதை வனஜா பார்க்காதது போல இருந்தார்.

ஜெனிட்டா வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும், பரமேஸ்வரன் ஷெட் சாவிக்காகக் கையை நீட்டினார்.

ஜெனிட்டா சாவியை எடுத்தார். அவரைத் தாண்டிக் குனிந்து, வனஜாவின் இடது கையில் வைத்தார்.

"இவங்க சொன்னா எடுங்க."