சிவப்புத் தூணடியில் யார் நிற்பது?

கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். காலை முதல் விட்டுவிட்டுத் தூறிய மழை அப்போதுதான் வலுத்திருந்தது. நகரத்தின் பெரிய ரயில் நிலையத்தில், பயணிகள் தங்கும் கூடத்தின் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நிலையத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தில் மற்றவை எல்லாம் முடிவாகியிருந்தன. ஒரு தூண் மட்டும் மிஞ்சியிருந்தது.

நடைமேம்பாலத்தின் தெற்குப் படி இறங்கும் இடத்தில் நிற்கும் இரும்புத் தூண் அது. அது தாங்கிய கூரை போய் நெடுங்காலமாயிற்று. ஆண்டுதோறும் அதற்குச் சிவப்பு பூசுவார்கள். ஆனால் பெரியவர்களின் இடுப்பளவு உயரத்தில் மட்டும் பூச்சு நிலைப்பதில்லை. அந்த நகரத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரயிலேறு முன் பிள்ளையை அங்கே அழைத்துச் சென்று, தூணைத் தொட வைத்து, “கை விட்டுப் போச்சுன்னா இங்க வந்து நில்லு. நான் வருவேன்” என்று சொல்வார்கள்.

சம்பூரணமும் தன் ஏழு வயது மகன் தவசியிடம் அப்படித்தான் சொன்னாள். அன்றே நெரிசலில் அவன் கை நழுவியபோது பதறிப்போய் எல்லா நடைமேடைகளிலும் ஓடித் தேடினாள். தூணடிக்குக் கடைசியாகத்தான் வந்தாள். அங்கே யாரும் இல்லை. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் அங்கே வந்து நிற்காத நாள் இல்லை.

சென்ற ஆண்டு தீபாவளி நெரிசலில் அதே தூணுக்கும் படிக்கும் நடுவே ஜனம் அடைபட்டது. தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகும் தையல்காரி ஃபரீதா விழுந்தாள். அவளுடைய வலப்பாதம் மிதிபட்டு நசுங்கியது.

பொறியாளர் தணிகாசலம் எழுந்தார். “தூணை உடைக்கப் போவதில்லை. முன்வாசல் தோட்டத்தில், புல்தரையில், விளக்குப் போட்டு நிறுத்திவைப்போம். படி அகலமாகும்” என்றார்.

“வெளக்கு எதுக்குங்கய்யா?” என்றாள் சம்பூரணம். “அவன் வந்தா தோட்டத்துக்கு வருவானா, படிக்கு வருவானா? அத மட்டும் சொல்லுங்க.”

பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார். தோட்டத்திலிருந்து படிவரை விரலால் அளந்தார்.

பழைய கட்டடங்களைக் காக்க வழக்காடும் ரெஜினா, தடையாணை கேட்கும் மனுவைச் சம்பூரணத்தின் முன் வைத்தார். “நீங்கள்தான் பாதிக்கப்படுபவர். உங்கள் கையெழுத்து இருந்தால் தூணைப் பல வருடங்களுக்கு யாரும் தொட முடியாது.”

“தூணுக்குக்கூட வக்கீல் வந்தாச்சு!” என்று பின்வரிசையிலிருந்து ஃபரீதா சொன்னாள். “என் காலுக்கு ஒருத்தரும் வரலையே, மேடம்?” சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி வைத்தாள்.

சம்பூரணம் திரும்பி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வலிக்குதாம்மா?”

“மழை பெஞ்சா வலிக்கும்.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சம்பூரணம் பேனாவை மனுவின் மேலேயே வைத்துவிட்டாள். “தூண எடுத்துக்குங்கய்யா” என்றாள் பொறியாளரிடம். பிறகு, யாரிடம் என்றில்லாமல், “அவன் பேரு தவசி. இப்போ பத்தொம்பது வயசு” என்றாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது.

தணிகாசலம் ஆறு மணிக்கே வந்து, தூணைக் கிரேனில் தூக்கித் தோட்டத்தில் நிறுத்தினார். சிறு கைகள் தேய்த்துப் பூச்சுப் போன பக்கம் தெருவைப் பார்த்திருக்கும்படி இருமுறை திருப்பி வைக்கச் சொன்னார். அதற்குமேல் தன்னால் என்ன செய்ய முடியும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

ரெஜினா கையெழுத்தில்லாத மனுவோடு நீதிமன்றம் போனார். பாதிக்கப்பட்டவர் யார் என்று கேட்டு, மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சம்பூரணம் தோட்டத்துக்கும் தெற்குப் படிக்கும் இடையே பலமுறை நடந்தாள். தூணடியில் நின்றால் படி தெரியவில்லை. படியருகே நின்றால் தூண் தெரியவில்லை. கடைசியில் கால் ஓய்ந்து, தூணடியில் போய் உட்கார்ந்தாள்.

ஃபரீதா வழக்கமான ரயிலில் வந்து இறங்கினாள். ஆனால் வேலைக்குப் போகவில்லை. தூண் இருந்த இடத்தை மறைத்த தகரத் தடுப்பை ஒட்டி, நல்ல காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டாள். படியிறங்கிய இளைஞர்களில் தயங்கி நின்றவர்களைப் பார்த்து, “தம்பி, உன் பேரு தவசியா?” என்று கேட்டாள். காவலர் வந்து நகரச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதையைப் படித்தவர்களே, சொல்லுங்கள். இந்த நால்வரில், தவசிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர் யார்?

விடை: வாக்கு ‘தூண் இருக்கும்’ என்பதன்று, ‘நான் வருவேன்’ என்பது. ஆகவே இரும்பைப் பத்திரமாக நிறுத்திய தணிகாசலமும், அதைக் காக்க ஓடிய ரெஜினாவும் விடையாக மாட்டார்கள். சம்பூரணம் வந்தாள், ஆனால் ஓர் உடம்பால் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். மற்ற இடத்தில் நின்ற ஃபரீதா, அந்தத் தூணடியில் கால் நசுங்கியவள். அவளுக்கோ பிள்ளையின் முகம் தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும். எனவே, இருவரும் சேர்ந்துதான் வாக்கைக் காத்தார்கள், காவலர் வரும்வரை. அதற்குப் பிறகு காத்தவர் யார் என்று கேட்டால், என்னிடம் விடை இல்லை.