ஏழாம் பாத்தி

முதல் வருடம் அடையாள அட்டைக்கான படிவம் தாளில் வந்தது. கைநாட்டு வைத்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் வருடம் தாள் தீர்ந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் வருடம் காண்ட்ராக்டர் போலிப் பெயர்களை நுழைத்தார். ஒரு போலிக்காக மொத்தப் பட்டியலையும் அதிகாரி தள்ளினார். அடையாள அட்டை யாருக்கும் வரவில்லை. நாலாம் வருடம் உப்பளத் தொழிலாளர் சங்கமே இணையத்தில் படிவம் போட்டது. எங்களை ஏமாற்ற இனி அடுத்தவர் தேவையில்லை.

அந்தப் படிவத்தை எழுதியவர் தவசிமுத்து. ஐம்பத்தெட்டு வயது, உப்பு வாரிக் காய்த்த கை. அவருக்குக் கணினி சொல்லிக்கொடுத்தவர் ஜெபசீலி, முப்பது வயது. பட்டியல் அன்று ஐந்து மணிக்குள் அதிகாரிக்குப் போக வேண்டும்.

“டீச்சர், எல்லாச் சோதனையும் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதிட்டேன். பேரில்லாம ஒருத்தன் உள்ள வர முடியாது.”

ஜெபசீலி தன் மடிக்கணினியின் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டை அணைத்தார். எதையும் நிரப்பாமல் பொத்தானை அழுத்தினார். ‘பதிவு முடிந்தது’ என்று வந்தது.

தவசிமுத்து உட்கார்ந்து, படிவத்தின் கட்டங்களிலேயே ‘கட்டாயம்’ என்று குறித்தார். இப்போது ஸ்கிரிப்ட் இல்லாமலே பிரவுசர் தடுத்தது.

“இப்ப?”

ஜெபசீலி தன் திரையில் அந்தக் குறியை அழித்துவிட்டு அனுப்பினார். போய்விட்டது.

“இது அநியாயம், டீச்சர்.”

“பக்கம் அவங்க கைக்குப் போயிருச்சு, அண்ணாச்சி. கையில இருக்கிறத மாத்தத்தான் செய்வாங்க.”

“அப்ப அந்தக் குறி எதுக்கு? எடுத்துரவா?”

“இருக்கட்டும். மறந்துபோற நல்லவங்களுக்கு அது ஞாபகப்படுத்தும்.”

“கெட்டவனுக்கு?”

“சர்வர் நம்ம கையிலதான இருக்கு?”

சோதனைகளைத் தவசிமுத்து சங்கத்துக் கணினியான சர்வரில் எழுதினார். ஜெபசீலி என்ன செய்தும் வெற்றுப் பெயர் நுழையவில்லை. இல்லாத பாத்தி எண்ணும் திரும்பி வந்தது. தவசிமுத்து மீசையைத் தடவினார்.

அந்நேரம் புதிதாக ஒரு பதிவு வந்தது. பெயர், பாத்தி எண், எல்லாம் முறைப்படி. சர்வர் ஏற்றுக்கொண்டது.

“இது நெசமாவே நம்ம ஆளா, டீச்சர்? அத எப்படிச் சோதிக்கிறது?”

ஜெபசீலி சன்னலைத் திறந்தார். வெளியே உப்பளத்துப் பெண்கள் பட்டியலுக்காகக் காத்திருந்தார்கள்.

“வாசிங்க.”

“பொன்னுத்தாய், ஏழாம் பாத்தி.”

கூட்டம் சிரித்தது.

“காண்ட்ராக்டரோட அம்மால்லா அது! உப்ப இலையிலதான் பாத்திருக்கும்!”

தவசிமுத்து அந்தப் பெயரை நீக்கினார்.

“இந்தச் சோதனைய எந்த வரியில எழுதுறது, டீச்சர்?”

“மணி மூணு, அண்ணாச்சி. இன்னும் இருநூறு பேர் இருக்காங்க.”

அவர் சன்னலருகே போய் நின்றார்.

“எசக்கியம்மாள், நாலாம் பாத்தி.”