மாலை போட்ட பொய்

சவரிமுத்துவைப் பார்த்தால் யாரும் குரு என்று சொல்ல மாட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட அறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் ஒன்று நடக்கும். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் வருவார்கள். அங்கே பெஞ்சு இழுத்துப் போடுகிறவர், டீ ஊற்றுகிறவர், எல்லாம் அவர்தான். சீடர் ராசாங்கத்துக்கு அவரைவிட எட்டு வயது கூடுதல். அதனால் குரு சீடரை அண்ணே என்பார், சீடர் குருவைத் தம்பி என்பார்.

ராசாங்கம் வத்தலக்குண்டில் தேங்காய் மண்டி வைத்திருந்தார். முதல்முறை வந்தபோது உள்ளே போகத் துணிச்சல் இல்லாமல் தெருவையே சுற்றிச் சுற்றி வந்தார். சவரிமுத்து வாசலுக்கு வந்து, "டீ ஆறுதுண்ணே, வாங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு உள்ளே போனவர்தான். வாரம் தவறாமல் வந்தார், குடியும் நின்றது.

ஆனால் அவர் கூட்டத்துக்குப் போவது ஊரில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயம். குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தபோது போகாத மானம், குடியை விடக் கூட்டத்துக்குப் போனால் போய்விடுமாம். அந்த வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கேட்டவர்களிடமெல்லாம், சாமி முன்னால் சத்தியம் பண்ணினேன், விட்டுப்போச்சு என்று வாய் கூசாமல் சொல்லிவைத்தார். வெள்ளிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்றால் வசூலுக்கு என்பார்.

பக்கத்து மண்டியில் எடை போடுகிற மூக்கையாவும் கேட்டார். இளவட்ட வயதிலிருந்து ராசாங்கத்தோடு ஒன்றாக உட்கார்ந்து குடித்தவர். அவர் கேட்டது ஊர் வம்புக்கு இல்லை, தானும் பிழைத்துக்கொள்ளலாமே என்கிற தவிப்பில். அவரிடமும் ராசாங்கம் அதே கதையைத்தான் சொன்னார்.

மூக்கையா நம்பிவிட்டார். அடுத்த கார்த்திகையில் மாலை போட்டார். விரதத்தில் ஒரு சொட்டு தொடவில்லை. தை பிறந்து, மலை ஏறி இறங்கி, மாலையைக் கழற்றின அன்று சாயங்காலமே சாராயக் கடையில் போய் நின்றார். மறுநாள் மண்டிக்கு வந்தவருக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"சாமி உன்னைக் காப்பாத்திட்டாரு. என்னைய வேணாம்னு தள்ளிட்டாருடா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு, வருகிற வருஷம் இன்னும் சுத்தமாக விரதம் இரு என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

ஆவணியில் மூக்கையாவுக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப்போனது. திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் போய்விட்டது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ராசாங்கம் கூட்டம் தொடங்கும் முன்பே வந்து, நடந்ததையெல்லாம் சவரிமுத்துவிடம் கொட்டினார். கொட்டி முடித்ததும், மூக்கையாவிடம் சொல்லாமல் தப்பிக்க ஒரு சந்து கிடைக்காதா என்று பார்த்தார்.

"இங்க நடக்குறதை வெளிய சொல்லக்கூடாதுன்னுதானே தம்பி நம்ம வழக்கம்?"

"அடுத்தவங்க பேரைத்தாண்ணே சொல்லக்கூடாது. நம்ம பேரைச் சொல்லலாம்."

ராசாங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாகக் கிடக்குறவன்கிட்ட இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

சவரிமுத்து டீ கேனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து, இன்றைக்குக் கூட்டத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஆஸ்பத்திரி பக்கம் நடந்தார். ராசாங்கம் பின்னாலேயே போனார்.

வார்டில் மூக்கையா கண்ணைத் திறந்தபடி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தார். கால்மாட்டில் அவர் மனைவி பேச்சியம்மா. வந்ததிலிருந்து கண்ணை மூடவில்லை, சாமி எதுக்கு என்னை வெறுத்துச்சு என்றே புலம்புகிறார் என்றாள்.

"கூட வந்திருக்குறது யாரு?" என்றார் மூக்கையா.

மண்டிக்கு வந்த வியாபாரி என்று சொல்ல ராசாங்கம் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். சவரிமுத்து உதவிக்கு வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவராலதான் நான் குடியை விட்டேன்" என்றார் ராசாங்கம்.

அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. கூட்டத்தைச் சொன்னார். வசூல் என்று புளுகியதைச் சொன்னார். மலையிலிருந்து இறங்கிய அன்று தனக்கும் கை பரபரத்ததையும், ஓடிப்போய் இந்தத் தம்பியின் வீட்டில் உட்கார்ந்து அழுததையும் சொன்னார். சொல்லச் சொல்ல வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பேச்சியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

மூக்கையாவுக்குக் கோபம் வரவில்லை. மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்து ராசாங்கத்தைப் பார்த்தார்.

"அப்ப சாமி என்னைய வெறுக்கலையா?"

"இல்லடா. நான்தான் உன்கிட்ட மறைச்சுட்டேன்."

மூக்கையா மெல்லத் தலையை ஆட்டினார். பிறகு அவர் கண் தானாக மூடியது. பேச்சியம்மா பதறிப்போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். தூக்கம்தான். லேசாகக் குறட்டைகூட வந்தது.

வெளியே வந்ததும் ராசாங்கம் சுவரில் சாய்ந்து அழுது தீர்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னதுக்கு ஒரு பலன் இருந்துச்சு தம்பி. பச்சப்புள்ள மாதிரி தூங்குறான்."

"ஆமாண்ணே" என்றார் சவரிமுத்து. "தை மாசமே தூங்கியிருப்பாரு."